ஏழு ஆட்ட இறுதித் தொடரை ஊன்றிப் பார்ப்பது எப்படி: 2016-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

கூடைப்பந்தின் விதிகள் ஓரளவு தெரியும், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டங்களை அவ்வப்போது பார்த்ததும் உண்டு, ஆனாலும் ஜூன் மாதம் இறுதித் தொடர் வரும்போது யார் வென்றார், எத்தனை புள்ளி என்பதைத் தாண்டி எதுவும் மனத்தில் தங்குவதில்லை என்று குறைப்படும் நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒற்றை ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டு; ஒரு மாற்று ஆட்டக்காரர் அன்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் விழும். அதே இரண்டு அணிகள் இரண்டரை வாரத்துக்குள் ஏழு முறை வரை மோதும்போது நிலைமை மாறுகிறது. நேற்று ஓர் அணி கண்டுபிடித்த விடையை இன்று எதிரணி கேள்வியாகத் திருப்பிப் போடுகிறது. ஆகவே ஏழு ஆட்டங்களையும் ஒரே நீண்ட ஆட்டமாகப் பாவித்துப் பார்க்கப் பழக வேண்டும். இந்த வழிகாட்டி சொல்லவருவது அவ்வளவுதான்.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது 2016-ஆம் ஆண்டு இறுதித் தொடர். ஒரு பக்கம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அந்தப் பருவத்தில் 82 லீக் ஆட்டங்களில் 73-ஐ வென்று, 1995-96-இல் சிகாகோ புல்ஸ் படைத்த 72 வெற்றிகள் என்ற சாதனையைத் தாண்டியவர்கள். அந்தப் புல்ஸ் அணியில் ஆடிய ஸ்டீவ் கெர்தான் இவர்களுக்குப் பயிற்சியாளர். மறுபக்கம் க்ளீவ்லண்ட் கேவலியர்ஸ்; முந்தைய ஆண்டு இதே வாரியர்ஸிடம் 4-2 என்று தோற்றவர்கள், பருவத்தின் நடுவில், ஜனவரியில், பயிற்சியாளரையே மாற்றி டைரன் லூவிடம் பொறுப்பைக் கொடுத்தவர்கள். நான் வாரியர்ஸ் பக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இத்தொடரில் தோற்றது என் அணி. நான் சொல்லும் பாடங்களில் பாதி, நான் தவறாகப் பார்த்ததிலிருந்து கற்றவை.

தொடங்குமுன்

விதிகளை நீட்டி விளக்கப் போவதில்லை. ஆட்டம் 48 நிமிடம், 12 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். பந்து கையில் வந்தால் 24 விநாடிக்குள் எறிய வேண்டும். ஆறாவது ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். மூன்று புள்ளிக் கோடு நடுப்பகுதியில் வளையத்திலிருந்து 7.24 மீட்டர் தொலைவில் இருக்கிறது. தொடரின் அமைப்பைத் தெரிந்துகொள்வது இவற்றைவிட முக்கியம். லீக் சுற்றில் சிறப்பாக ஆடிய அணியின் சொந்த அரங்கில் முதல் இரண்டு ஆட்டங்கள், அடுத்த இரண்டு எதிரணியின் ஊரில், அதன் பிறகு தேவைப்பட்டால் மாறி மாறி ஒவ்வொன்று. 2014 முதல் இந்த முறைதான். அதற்கு முன் நடுவிலுள்ள மூன்று ஆட்டங்களும் தொடர்ச்சியாக ஒரே ஊரில் நடந்தன. 2016-இல் ஏழாவது ஆட்டம் நடந்தால் அது வாரியர்ஸின் ஓக்லண்ட் அரங்கில் நடக்கும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வெளியூர் அணி வென்றது கடைசியாக 1978-இல்தான் என்பதால், அந்த உரிமை சாதாரணமானது அன்று.

நேரலையில் பார்ப்பவர்களுக்கு நேரம் ஒரு சோதனை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 6.30, ஞாயிறு இரவு 8 மணி ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.30. வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்காத நேரம் என்பதால் நான் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்ப்பேன். வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் இப்போது நான் எல்லாருக்கும் பரிந்துரைக்கும் முறையாகிவிட்டது. வர்ணனையாளரின் குரல் எப்போதும் பந்தைத்தான் பின்தொடரும். குரல் இல்லாவிட்டால் கண், பந்தை விட்டு நகரத் தொடங்குகிறது.

இன்னொன்று: சுருக்கத் தொகுப்புகளை வைத்து ஒரு தொடரைக் கற்க முடியாது. அவற்றில் விழுந்த பந்துகள் மட்டுமே இருக்கும். தொடரின் கதையோ பெரும்பாலும் விழாத பந்துகளிலும், எறியவே முடியாமல் கை மாறிப்போன பந்துகளிலும் இருக்கிறது. ஏழு ஆட்டங்களையும் முழுதாகப் பார்க்க நேரமில்லையென்றால், இத்தொடரில் 1, 3, 5, 7 ஆகிய நான்கை மட்டும் முழுதாகப் பாருங்கள்.

யார் யாரை மறிக்கிறார்?

ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஆறு நிமிடங்களுக்குப் புள்ளிக் கணக்கை மறந்துவிட்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எந்த ஆட்டக்காரரை யார் மறிக்கிறார்? ஐந்து இணைகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டால் போதும். அடுத்த ஆட்டத்தில் அந்தச் சீட்டை எடுத்து ஒப்பிடும்போது, எந்த இணை மாறியிருக்கிறதோ அங்கேதான் பயிற்சியாளர் தூக்கம் கெட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இதற்கு மிகத் தெளிவான முன்னுதாரணம் 2015 தொடரில் இருக்கிறது. வாரியர்ஸ் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது, நான்காவது ஆட்டத்தில் கெர் ஏழடி உயர ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்துவிட்டு, அந்தப் பருவத்தின் லீக் சுற்றில் ஒரு முறைகூடத் தொடக்க ஐவரில் இடம்பெறாத ஆண்ட்ரே இக்குவடாலாவை முதலிலேயே இறக்கினார். அந்த யோசனையை எடுத்துச் சொன்னவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். அதற்கு முந்தைய ஆண்டு இறுதித் தொடரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி பாரிஸ் டியாவை இதேபோலத் தொடக்க ஐவரில் சேர்த்ததைப் பதிவில் பார்த்து அவருக்கு அது தோன்றியது. வாரியர்ஸ் அதன்பின் மூன்றையும் வென்றார்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இக்குவடாலாவுக்குப் போனது. ஒரு தொடரில் பிறந்த விடை அடுத்த ஆண்டுத் தொடருக்கும் பயணப்படுகிறது என்பதை நான் புரிந்துகொண்டது இந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான்.

2016-க்கு வருவோம். இரண்டாவது ஆட்டத்தில் க்ளீவ்லண்டின் கெவின் லவ்வுக்குத் தலையில் அடிபட்டு, மூன்றாவது ஆட்டத்தில் அவர் ஆட முடியவில்லை. அவருக்குப் பதிலாக, 35 வயதான ரிச்சர்ட் ஜெஃபர்சன் தொடக்க ஐவரில் வந்தார். பெயர் பெற்ற நட்சத்திரம் ஒருவர் இல்லாத அணி பலவீனப்படும் என்றுதான் நான் நினைத்தேன். நடந்ததோ வேறு: கால் வேகம் கூடிய ஐவர் களத்தில் இருந்ததால் க்ளீவ்லண்ட் மறிப்பில் ஆள் மாற்றிக்கொள்வது எளிதானது, முதல் கால்பகுதியே 33-16 என்று முடிந்தது. இழப்பு சில நேரம் பயிற்சியாளர் எடுக்கத் தயங்கிய முடிவை அவருக்காக எடுத்துவிடுகிறது.

இடைவெளியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

முதல் ஆட்டம் 104-89, இரண்டாவது 110-77, இரண்டும் வாரியர்ஸுக்கு. மூன்றாவது 120-90 என்று க்ளீவ்லண்டுக்கு. 33 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணி மூன்று நாள் கழித்து 30 புள்ளியில் வெல்கிறது என்றால், அந்த 33-ஐ வைத்து நாம் கட்டிய கோட்டைகளுக்கு என்ன மதிப்பு? நான் இரண்டாவது ஆட்டம் முடிந்த அன்றே அலுவலகத்தில் தொடர் முடிந்துவிட்டது என்று அறிவித்தவன். நான்காவது ஆட்டத்தில் வாரியர்ஸ் 108-97 என்று வென்று 3-1 என்று முன்னிலை பெற்றபோது அதை உறுதிசெய்து இன்னொரு முறையும் அறிவித்தேன். அதுவரை இறுதித் தொடரில் 3-1 என்று பின்தங்கிய 32 அணிகளில் ஒன்றுகூட மீண்டதில்லை என்ற கணக்கு என் கையில் இருந்தது. கணக்கு சரிதான்.

பிறகு ஐந்தாவது 112-97, ஆறாவது 115-101, இரண்டும் க்ளீவ்லண்டுக்கு. இப்போது ஆறு ஆட்டங்களின் புள்ளிகளையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். வாரியர்ஸ் 104, 110, 90, 108, 97, 101. க்ளீவ்லண்ட் 89, 77, 120, 97, 112, 115. இரண்டு பக்கமும் 610. ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆறில் ஒன்றுகூட இறுதி நிமிடம்வரை இழுபறியாக இல்லாத தொடர், கூட்டிப் பார்த்தால் சரிசமம்! அந்த நாள்களில் இந்தக் கூட்டலைச் செய்து பார்த்திருந்தால், ஏழாவது ஆட்டத்துக்கு முன் அத்தனை நிதானமாக இருந்திருக்க மாட்டேன்.

ஆக, நடைமுறை அறிவுரை இது. வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளாமல், அந்த வித்தியாசம் எதனால் வந்தது, அது அடுத்த ஆட்டத்திலும் தொடரக்கூடியதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் வாரியர்ஸின் இரு பெரும் எறிகாரர்களான ஸ்டெஃபன் கர்ரியும் க்ளே தாம்சனும் சேர்ந்தே 20 புள்ளிதான் எடுத்தார்கள். மாற்று ஆட்டக்காரரான ஷான் லிவிங்ஸ்டன் ஒருவரே 20 எடுத்தார், மாற்று ஆட்டக்காரர்களின் கணக்கு 45-10. இது மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் மாற்று ஆட்டக்காரர்களின் நல்ல நாளை அடுத்த ஊருக்கு மூட்டை கட்டிக் கொண்டுபோக முடியாது. நான்காவது ஆட்டத்தில் வாரியர்ஸ் 17 மூன்று புள்ளி எறிகளைப் போட்டார்கள்; கோட்டுக்குள்ளிருந்து போட்டது 16 மட்டுமே. அதுவும் அப்படித்தான், தூர எறி விழும் நாளில் அது மழை, விழாத நாளில் வறட்சி. மாறாக, வளையத்துக்கு அருகில் போய்ப் பந்தைப் போடுவதும், எதிரணியின் பெரிய ஆட்டக்காரர்களுக்கு மேலாக க்ளீவ்லண்டின் ட்ரிஸ்டன் தாம்சன் ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்து) பிடிப்பதும் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. க்ளீவ்லண்ட் பிடித்துக்கொண்டது இவற்றைத்தான்.

இரண்டு ஆட்டங்களுக்கு இடையில்

தொடரின் பாதி, ஆட்டம் இல்லாத நாள்களில் நடக்கிறது. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு நாள் கிடைக்கும். அப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரி எழுதி வைக்கச் சொல்வேன். எதிரணிக்கு எது வலித்தது, அதற்கு அவர்கள் என்ன செய்யக்கூடும், யாருடைய உடம்பு சரியில்லை. மூன்றே வரி. அதற்கு மேல் எழுதினால் கட்டுரையாகிவிடும், அடுத்த ஆட்டத்தில் நாம் எழுதியதற்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடுவோம்.

மூன்றாவது வரியை அலட்சியப்படுத்தாதீர்கள். ஐந்தாவது ஆட்டத்தில் போகட்டுக்கு முழங்காலில் காயம். அத்தோடு தொடர் அவருக்கு முடிந்தது. ஆறாவதில் இக்குவடாலாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வளையத்தைக் காக்கும் பெரிய ஆளும், க்ளீவ்லண்டின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸை மறிக்கும் ஆளும் ஒரே வாரத்தில் குறைந்துபோனார்கள். ஏழாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் ஃபெஸ்டஸ் எஸீலி தொடக்க ஐவரில் வந்ததற்கும், அதனால் கடைசியில் நேர்ந்ததற்கும் வேர் இங்கே இருக்கிறது.

களத்துக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகளும் உண்டு. நான்காவது ஆட்டத்தின் இறுதியில் வாரியர்ஸின் ட்ரேமண்ட் கிரீன் கீழே விழுந்திருக்க, லெப்ரான் அவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார். கிரீன் கையை வீசினார். நடுவர்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளாததை, லீக் நிர்வாகம் பதிவைப் பார்த்துக் கடுமையான ஃபவுல் என்று மறுபடி வகைப்படுத்தியது. இங்கே விதியைத் தெரிந்துகொள்வது அவசியம்: நாக் அவுட் சுற்றுகள் முழுவதற்கும் சேர்த்து இத்தகைய ஃபவுல்களுக்குப் புள்ளி கணக்கு வைக்கப்படுகிறது, நான்கு சேர்ந்தால் ஓர் ஆட்டம் தடை. கிரீன் முந்தைய சுற்றுகளிலேயே மூன்று சேர்த்து வைத்திருந்தார். ஆகவே அந்தக் கைவீச்சுக்காக மட்டும் அவர் ஐந்தாவது ஆட்டத்தை இழந்தார் என்று சொல்வது முழு உண்மையாகாது. அன்று அவர் பக்கத்திலேயே இருந்த பேஸ்பால் மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். இங்கே அரங்குக்குள் லெப்ரானும் அவருடைய அணியின் கைரி இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி எடுத்தார்கள். இறுதித் தொடரின் ஓர் ஆட்டத்தில் ஒரே அணியின் இருவர் 40-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை.

வாரியர்ஸ் ரசிகனாக நான் அந்தத் தடையை நெடுநாள் சபித்திருக்கிறேன். ஆனால் பதிவைத் திரும்பப் பார்த்தபோது, இடைவேளையில் 61-61 என்று சமமாக இருந்த ஆட்டம், போகட் விழுந்த பிறகே கைநழுவியது என்று தெரிந்தது. கிரீன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு விடை கிடையாது. அந்தக் கேள்வியை நோட்டில் எழுத வேண்டாம், நண்பர்களோடு தேநீர்க் கடையில் வைத்துக்கொள்ளலாம்.

எதிரணி யாரை மறிக்காமல் விடுகிறது என்பதும் குறிக்க வேண்டிய ஒன்று. வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸ் கடைசி மூன்று ஆட்டங்களில் எறிந்த 32-இல் 5 மட்டுமே விழுந்தன. இந்த எண்ணைப் பார்த்து அவரைக் குறைசொல்வது எளிது. பதிவைப் பாருங்கள்: க்ளீவ்லண்ட் அவரை வேண்டுமென்றே தனியே விட்டு, அவர் பக்கத்து ஆளைக் கர்ரியின் வழியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். பார்ன்ஸ் தவறவிட்ட ஒவ்வொரு எறியும், கர்ரி எறியாமல்போன ஓர் எறி. ஆறாவது ஆட்டத்தில் கர்ரி ஆறு ஃபவுல் சேர்த்து, பல்கவசத்தைக் கழற்றி எறிந்து, நடுவரால் களத்தைவிட்டே அனுப்பப்பட்ட காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். மறிப்பில் அவரை ஓயாமல் வேலை வாங்கியதன் களைப்பும் அந்த ஃபவுல்களில் இருக்கிறது.

ஏழாவது ஆட்டத்தின் கடைசி ஐந்தரை நிமிடம்

இந்த ஒரு பகுதியை மூன்று முறை பார்க்கச் சொல்வேன். முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாவது முறை பந்தைப் பார்க்காமல் கர்ரியை மட்டும் பாருங்கள். மூன்றாவது முறை ஸ்கிரீன் போட வரும் ஆளை மட்டும் பாருங்கள். ஸ்கிரீன் என்பது, பந்து வைத்திருப்பவரை மறிப்பவரின் வழியில் இன்னொருவர் தூண்போல வந்து நிற்பது. அப்போது மறிப்பவர்கள் இருவரும் தங்களுக்குள் ஆளை மாற்றிக்கொண்டால் அது ஸ்விட்ச். வாரியர்ஸின் மறிப்பு பெருமளவு ஸ்விட்சை நம்பியது. க்ளீவ்லண்ட் தொடர் முழுக்கக் கேட்ட கேள்வி: நீங்கள் மாற்றிக்கொள்வதாக இருந்தால், நாங்கள் விரும்பும் ஆளை எங்கள் முன் கொண்டுவந்து நிறுத்த முடியுமே?

வாரியர்ஸ் 87-83 என்று முன்னிலையில் இருக்கும்போது தொடங்குங்கள். களத்தில் எஸீலி இருக்கிறார். ஸ்விட்சினால் லெப்ரானின் முன்னால் வந்து நிற்பவரும் அவரே. லெப்ரான் எறிவதுபோல் பாவனை காட்ட, எஸீலி எகிறி அவர்மீது விழுகிறார். ஃபவுலுக்கு ஈடாக, யாரும் மறிக்காமல் எறியும் மூன்று ஃப்ரீ த்ரோ, மூன்றும் உள்ளே. அடுத்து அதே எஸீலியின் கைக்கு மேலாக லெப்ரான் மூன்று புள்ளி எறிகிறார். 89-87. போகட்டின் முழங்கால், ஆறு நாள் கழித்து இப்படி வந்து கணக்குத் தீர்க்கிறது. க்ளே தாம்சன் பதிலுக்குப் பந்தைப் போட்டு 89-89. கடிகாரத்தில் 4 நிமிடம் 39 விநாடி.

இங்கே நிறுத்தி, முன்பு கூட்டிய தாளை எடுங்கள். 610-உடன் 89. ஏழு ஆட்டங்களின் மொத்தக் கணக்கு 699-699.

இதன்பின் ஏறக்குறைய மூன்றே முக்கால் நிமிடத்துக்கு எந்த அணியும் ஒரு புள்ளிகூட எடுப்பதில்லை. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம். எனக்கோ ஏழு ஆட்டத்திலும் இதைவிடச் செறிவான நேரம் இல்லை. எல்லா விடைகளும் இருவருக்கும் தெரிந்துபோய்விட்டன, கால்களில் உயிரில்லை, குறுகிய தூர எறிகள்கூட வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகின்றன. எறி முன்விளிம்பில் படுவது களைப்பின் அடையாளம். கைக்கு வேண்டிய வலுவைக் கால் கொடுக்கவில்லை என்று பொருள்.

கடைசி இரண்டு நிமிடத்துக்குள் அந்தத் தடுப்பு வருகிறது. இர்விங்கின் எறி தவறுகிறது, இக்குவடாலா ரீபவுண்டைப் பிடித்து ஓடுகிறார், கர்ரியிடம் கொடுக்கிறார், கர்ரி தரையில் தட்டித் திருப்பிக் கொடுக்கிறார். முன்னால் க்ளீவ்லண்டின் ஜே.ஆர். ஸ்மித் ஒருவர்தான். எல்லாரும் லெப்ரானைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் ஸ்மித்தைப் பாருங்கள். அவர் ஃபவுல் செய்யாமல் எகிறுகிறார். அவர் கைக்குத் தப்ப இக்குவடாலா காற்றிலேயே பந்தைக் கீழிறக்கி மறுபடி உயர்த்த வேண்டியிருக்கிறது. அந்த அரை விநாடித் தாமதத்தில்தான், களத்தின் மறுமுனையிலிருந்து ஓடிவந்த லெப்ரான் பின்னாலிருந்து எழும்பிப் பந்தைப் பலகையோடு சேர்த்து அடிக்கிறார். பந்து முதலில் பலகையில் பட்டிருந்தால் அதைத் தொடுவது விதிமீறல், இரண்டு புள்ளி வாரியர்ஸுக்குப் போயிருக்கும். பலகைக்கும் கைக்கும் நடுவே இருந்த காலம் அவ்வளவு சிறியது.

அடுத்து, 53 விநாடி மீதமிருக்க, தொடரின் கடைசி விடை. பந்து இர்விங்கிடம். அவரை மறித்து நிற்பவர் க்ளே தாம்சன், வாரியர்ஸின் சிறந்த மறிப்பாளர்களில் ஒருவர். கர்ரி மறிப்பது ஸ்மித்தை. ஆகவே ஸ்மித் நடந்துவந்து ஸ்கிரீன் போடுகிறார்; வாரியர்ஸ் ஸ்விட்ச் செய்கிறார்கள்; இர்விங்கின் முன் இப்போது கர்ரி. ஏழு ஆட்டங்களாகத் தேடித் தேடிச் செய்த அதே காரியம், புதிதாக எதுவும் இல்லை. இர்விங் வலப்பக்கம் நகர்ந்து, ஓரடி பின்வாங்கி எறிகிறார். 92-89.

உடனே வாரியர்ஸ் அதே மருந்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார்கள். ஸ்கிரீன், ஸ்விட்ச், கர்ரியின் முன்னால் வந்து நிற்பவர் கெவின் லவ், க்ளீவ்லண்டில் கால் வேகம் குறைந்தவர் என்று பெயரெடுத்தவர், இரண்டாவது ஆட்டத்தில் தலையில் அடிபட்டுப் போனாரே, அவரே. கர்ரி இந்தப் பக்கம் போகிறார், அந்தப் பக்கம் போகிறார், பந்தைக் கொடுத்து மறுபடி வாங்குகிறார், லவ் விலகவில்லை. இரண்டு புள்ளிக்கு உள்ளே போயிருக்கலாம், நேரம் இருந்தது. கர்ரி மூன்றுக்கு எறிந்தார், விழவில்லை. லெப்ரான் 10.6 விநாடி இருக்கையில் இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் ஒன்றைப் போட்டார். 93-89.

அன்று காலை நான் தொலைக்காட்சியை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். லெப்ரான் தரையில் குப்புற விழுந்து அழுதுகொண்டிருந்தார். அவர் பிறந்த ஆக்ரன், க்ளீவ்லண்டுக்கு அருகில்தான். 1964-க்குப் பிறகு அந்த நகரின் பெரிய விளையாட்டு அணி எதுவும் கோப்பை வென்றதில்லை. என் அணி தோற்ற நாளில் எதிரணிக்காரர் அழுவதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எண் அட்டவணையை எப்போது பார்ப்பது?

ஆட்டத்தைப் பார்த்து, மூன்று வரி எழுதிய பிறகே பாருங்கள். முன்னாலேயே பார்த்தால் எண்கள் சொல்வதைத்தான் கண் பார்க்கும். ஏழாவது ஆட்டத்தில் கிரீன் 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்து). தோற்ற அணியில் இருந்ததால் அன்றைய களத்தின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று பேசப்படாமல் போயிற்று. அட்டவணை இதைக் காட்டும். ஸ்மித் காற்றில் எழும்பி இக்குவடாலாவைத் தாமதிக்கச் செய்தது எந்த அட்டவணையிலும் ஒரு கட்டத்திலும் ஏறாது. மொத்தத் தொடருக்கும் பார்த்தால் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பந்தைப் பறித்தது, எறியைத் தடுத்தது என்ற ஐந்திலும் இரு அணிகளையும் சேர்த்து லெப்ரானே முதலிடம். இங்கு எண்களும் கண்ணும் ஒன்றையே சொல்கின்றன.

இந்தத் தொடரை முடித்தவர்கள் அடுத்ததாக 2013-இல் மயாமி ஹீட்டும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் மோதிய தொடரை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆறாவது ஆட்டத்தில், கடைசி அரை நிமிடத்தில் ஐந்து புள்ளி முன்னிலையோடு கோப்பையை ஏறத்தாழத் தொட்டுவிட்ட ஸ்பர்ஸ், ரே ஆலன் 5.2 விநாடி இருக்கையில் மூலையிலிருந்து போட்ட மூன்று புள்ளியால் கூடுதல் நேரத்துக்குப் போய்த் தோற்றது. அந்த எறியைப் பார்க்குமுன் பதிவைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஸ்பர்ஸின் ஐவர் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். அணியின் மிகச் சிறந்த ரீபவுண்டரான டிம் டங்கன் அந்த நேரத்தில் களத்தில் இல்லை, வெளியே உட்கார்ந்திருக்கிறார்.